செவ்வாய்க்கிழமை பற்றி நான் எழுதிய ஒரு வரி

“செப்டம்பர், இரண்டாம் செவ்வாய். கடலோர ஊர். காலை பத்தரை மணி. கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். ஊர்ப் பெண்கள் ஒருவரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் இவ்வூர் முஸ்லிம் பெண்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை. சமய வழக்கம்.”

இது என் குறிப்பேட்டில் இருக்கிறது. என் கையெழுத்துதான். நீல மை. ‘சமய வழக்கம்’ என்பதற்குக் கீழே ஒரு கோடும் போட்டிருக்கிறேன். முக்கியமான எதையோ கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கும் நாட்களில் மட்டும் நான் போடும் கோடு அது.

நான் சுகாதாரத் துறையில் மக்களிடம் பேசும் வேலையில் இருக்கிறேன். ஊசி போடுவதோ மருந்து கொடுப்பதோ என் வேலை இல்லை. தடுப்பூசி ஏன், சர்க்கரைக்கு என்ன சாப்பாடு, காசநோய் மாத்திரையை நடுவில் ஏன் நிறுத்தக்கூடாது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வேன். பிறந்தது கீரனூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். இப்போது புதுக்கோட்டை நகரத்தில் குடியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து தேதி போட்டுக் குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்தது, பஸ் வரவில்லை, கூட்டத்துக்கு இன்னார் வந்தார் என்று எல்லாம் அதில் உண்டு. வரலாற்றுப் புத்தகங்கள் நிறையப் படிப்பதால் வந்த பழக்கம். பிற்காலத்தில் யாராவது இந்த மாவட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் குறிப்பு உதவும் என்று ஒரு நினைப்பு இருந்தது. உதவியது. எப்படி உதவியது என்பதைத்தான் எழுத வந்தேன்.

மேலே சொன்ன குறிப்பை எழுதிய மாதம், மாத அறிக்கையில் ‘சமூகப் பழக்கவழக்கங்கள்’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. இந்த வரியை அங்கே எழுதி அனுப்பினேன். முந்தைய மாத அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எங்கள் அலுவலகங்களில் அடுத்த மாத அறிக்கை எழுதுவோம். எண்களும் தேதியும் மாறும், மற்றவை அப்படியே இருக்கும். ஒரு வருடத்தில் எனக்கு வேறு வட்டாரத்துக்கு மாறுதல் வந்தது. என் வரி மாறுதல் இல்லாமல் அங்கேயே இருந்துவிட்டது. எனக்குப் பின் வந்தவர் அதை எழுதினார், அவருக்குப் பின் வந்தவரும் எழுதினார். பல வருடம் கழித்து அதே கடலோர வட்டாரத்துக்கு நான் திரும்பி வந்தபோது, அப்படி ஒன்றை எழுதியதே எனக்கு மறந்திருந்தது. மாத அறிக்கையையும் அப்போது வேறொருவர்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

கடந்த நவம்பர், இரண்டாம் வியாழக்கிழமை. புதுக்கோட்டையில் ஒரு கூட்ட அரங்கில் எங்களுக்குப் பயிற்சி. காலையிலிருந்தே மழை. குடைகளையெல்லாம் வாசலில் விரித்து வைத்திருந்ததால் உள்ளே போகவே குனிந்து வளைய வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். வட்டார அறிக்கைகளிலிருந்து தொகுத்ததாம். வெவ்வேறு சமூகத்து மக்களிடம் அவரவர் பண்பாட்டை அறிந்து பேசுவது எப்படி என்பதுதான் பொருள். பயிற்சியாளர் சென்னையிலிருந்து வந்த இளைஞர், மரியாதையானவர். ஒவ்வொருவரையும் எழுந்து நின்று வணங்கினார். அவர் சொன்னவற்றில் நல்லவையும் இருந்தன. வீட்டுக்குள் போகுமுன் கேட்டுவிட்டுப் போங்கள், நோயாளியை நோயின் பெயரால் கூப்பிடாதீர்கள் என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் அத்தியாயம் கடலோர முஸ்லிம் சமூகத்தைப் பற்றியது. ஐந்தாவது வரியில் என் கண் நின்றுவிட்டது. ‘செவ்வாய்க்கிழமைகளில் இப்பெண்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை. சமய வழக்கம்.’ ஓர் ஊரைப் பற்றி எழுதியது ஒரு சமூகத்தைப் பற்றியதாக வளர்ந்திருந்தது. ஆனாலும் அந்த நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு வாக்கியம், ஒரு முற்றுப்புள்ளி, பிறகு இரண்டே சொற்கள். நான்தான் அப்படி எழுதுவேன்.

நான் இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் என்னையும், கடலோர ஊரின் செவிலியரையும் முன்னால் அழைத்தார். இந்தச் செவிலியர் இலுப்பூர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். அந்த ஊரிலேயே குவார்ட்டர்ஸில் தங்கி வேலை பார்க்கிறார். ஒரு நாடகம் நடிக்க வேண்டுமாம். செவிலியர் கையில் ஒரு துப்பட்டாவைக் கொடுத்தார்.

“நீங்க அந்த ஊர்க் கர்ப்பிணி. இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. நீங்க வர மறுக்கணும். மேடம் உங்க நம்பிக்கையைப் புண்படுத்தாம பேசிச் சம்மதிக்க வைக்கணும். அஞ்சு நிமிஷம்.”

செவிலியர் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதிரில் நின்றேன்.

“நல்லா இருக்கீங்களாம்மா? இன்னிக்கு பரிசோதனை நாள். வாரீங்களா?”

“வாரேன்க்கா. வண்டி எங்க நிக்கிது?”

அரங்கில் சிரிப்பு. பயிற்சியாளரும் சிரித்தபடி, “மேடம், நீங்க மறுக்கணும்” என்றார்.

“நான் எதுக்கு சார் மறுக்கணும்? ஆறு முடிஞ்சு ஏழு நடக்குது. காலு வீங்கிக் கெடக்கு. வாரேன்னுதானே சொல்றேன். வண்டி இல்லைங்கறேன்.”

“இல்லைங்க, இது நம்பிக்கை சம்பந்தப்பட்ட பயிற்சி. வண்டி சம்பந்தப்பட்டது இல்ல.”

“அப்ப நம்பிக்கையில ஏறி உக்காந்து வரவா சார்?”

பின்வரிசை மேசைகளைத் தட்டியது. செவிலியர் சிரிக்கவில்லை. துப்பட்டாவை எடுத்து மடித்து மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த நாடகத்துக்கு வேறு இருவரை அழைத்தார்.

மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அது நடிப்பு இல்லையே?” என்றேன்.

“இல்லக்கா.” பொட்டலத்தைப் பிரிக்காமலே சொன்னார். அந்த ஊரில் ஒரு பெண். முந்தைய கர்ப்பத்தில் எட்டாம் மாதம் ரத்தக்கொதிப்பு ஏறி, குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. இப்போது மறுபடி ஏழாம் மாதம் தொடங்கியிருக்கிறது. வீட்டுக்குப் போய்க் கொதிப்பு பார்க்க செவிலியரால் முடியும். ஆனால் ஸ்கேன் பார்க்கிற டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும், அதுவும் மதியம் ஒரு மணி வரைதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவார். ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர், இறால் பண்ணைகளுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவே ஒரு ரோடு. செவ்வாய்க்கிழமைகளில் அந்த ரோட்டில் ஏறிப் போக எதுவும் கிடைக்காது.

“வண்டி கேட்டு எழுதலாமே?”

“எழுதாம இருப்பேனாக்கா? ரெண்டு தடவ எழுதிட்டேன். ரெண்டு தடவையும் திரும்பி வந்துருச்சு.” போனில் படம் எடுத்து வைத்திருந்தார். விண்ணப்பத்தின் ஓரத்தில் பச்சை மையில் மூன்று வாக்கியம்: ‘பண்பாட்டுக் காரணத்தால் வருகை இல்லை. வாகனம் தேவையில்லை. விழிப்புணர்வு தொடரவும்.’

“விழிப்புணர்வுன்னா நீங்கதான்க்கா,” என்றார். “வண்டிக்குப் பதிலா ஒங்கள அனுப்புறாங்க.” பிறகு புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். “எவ எழுதுனாளோ எவன் எழுதுனானோ, இந்த ஒத்த வரிய வச்சுத்தான் ரெண்டு வருசமா என்னய அடிக்கிறாக. எங்கையில மட்டும் அந்த ஆளு கெடைக்கட்டும்.”

“கெடச்சாச்சு,” என்றேன். “நான்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். வேடிக்கை பண்ணுகிறேனா என்று பார்த்திருக்க வேண்டும். இல்லை என்று தெரிந்ததும் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். பயிற்சி முடியும்வரை என்னிடம் பேசவில்லை. மாலையில் ‘பயிற்சியின் பொருளை முழுமையாகப் புரிந்துகொண்டேன்’ என்று ஒரு தாள் சுற்றி வந்தது. அதில் நான் கையெழுத்துப் போடவில்லை. பயிற்சியாளர் காரணம் கேட்டார். “மூணாவது அத்தியாயத்துல ஒரு வரி தப்பு. அது என்னால வந்த தப்பு. சரியாகுற வரைக்கும் கையெழுத்து கெடையாது” என்றேன். அவர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பாவம், அவருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை பழைய குறிப்பேடுகளை இறக்கினேன். செப்டம்பர் இரண்டாம் செவ்வாய்க்கு முன்னும் பின்னும் புரட்டினேன். எந்தப் பெண்ணிடமும் கேட்டதாக ஒரு குறிப்பும் இல்லை. ‘இன்று வரமாட்டார்கள் என்றார்கள்’ என்று மட்டும் முந்தைய வாரத்தில் இருக்கிறது. யார் சொன்னார்கள், ஏன் என்றார்கள் என்பதெல்லாம் இல்லை. ‘சமய வழக்கம்’ என்ற முடிவு மட்டும் நேராக வந்து உட்கார்ந்திருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை எதையும் தொடங்க மாட்டோம். என் அண்ணிக்குப் பிரசவமானபோது, மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று திங்கட்கிழமை சாயந்திரம் டாக்டர் சொன்னார். அம்மாவோ, பேறுகாலம் ஆனவளைச் செவ்வாய்க்கிழமை வாசல்படி ஏற்றக்கூடாது என்று புதன்கிழமை வரை ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைத்தாள். மருந்து தொடங்குவதென்றால் புதன், மாமியார் வீட்டுக்குக் கிளம்புவதென்றால் வியாழன். செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு அப்படி. இதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, செவ்வாய்க்கிழமை பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்றதும் காரணம் கேட்கத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டுச் செவ்வாயைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டில் வைத்துவிட்டு, அவர்களுடைய வழக்கம் என்று அடியில் கோடு போட்டுவிட்டேன். பண்பாடு என்ற சொல்லை எங்கள் துறையில் எப்போதும் எதிரில் இருப்பவருக்கு மட்டும்தான் பயன்படுத்துவோம். பேசப் போகிறவளுக்கும் ஒன்று இருக்கிறது என்பது அந்தப் பயிற்சிப் புத்தகத்தின் எந்த அத்தியாயத்திலும் இல்லை.

நவம்பர் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு அந்த ஊர் ஆட்டோ ஸ்டாண்டில் நின்றேன். மழை விட்டிருந்தது. வேப்பமரத்தடியில் வழக்கமாக ஆறேழு ஆட்டோ நிற்கும். அன்று ஒன்றுதான் நின்றது. அதிலும் பின் சீட்டைக் கழற்றியாகிவிட்டது. ஓட்டுநர் தரையில் சாக்கு விரித்துக்கொண்டிருந்தார்.

“ஆஸ்பத்திரிக்குப் போகணும். வாரீங்களா?”

“இன்னிக்கு ஆளு ஏத்துறதில்லக்கா. போட்டு வருது.”

போட்டு என்றால் விசைப்படகு. திங்கள், புதன், சனி விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. இது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. திங்கள் போன விசைப்படகு செவ்வாய் காலையில் திரும்பும். திரும்பியதும் மீன்பெட்டி, ஐஸ், வலை எல்லாவற்றையும் கரையிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏற்ற ஊரிலுள்ள ஒவ்வொரு ஆட்டோவும் வேண்டும். மதியம் வரை நடை நடையாக ஓடும்.

“வியாழன், ஞாயிறும் இப்படித்தானே?”

“ஆமா. அன்னிக்கு யாரு ஆஸ்பத்திரிக்குப் போறா? ஒங்க ஆஸ்பத்திரில புள்ளத்தாச்சிகளுக்குச் செவ்வாதானே வச்சிருக்கீங்க.” சாக்கை இழுத்துச் சரிசெய்தார். “நாளு குறிச்சது யாரோ, எங்க போட்டு வர்ற நாளாப் பாத்துக் குறிச்சிருக்காரு.”

அந்தப் பெண்ணின் வீட்டை நடந்துபோய்க் கண்டுபிடித்தேன். செவிலியர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொதிப்புக் கருவியின் பட்டையைச் சுற்றினார். கணவர் படகு வேலை, கரையில் மீன் இறக்கிக்கொண்டிருந்தார். மாமியார் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. முதலில் கேட்டுவிடுகிறேன் என்று நேராகவே கேட்டேன்.

“செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறதுல ஒங்க மார்க்கத்துல ஏதாவது தடை இருக்காம்மா?”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையில் பட்டை இருந்ததால் செவிலியர், “சிரிக்காத, அளவு ஏறும்” என்று அதட்டினார்.

“எங்களுக்கு என்னக்கா செவ்வா? ஒங்களுக்குத்தானே செவ்வா வெள்ளியெல்லாம். என்கூடப் படிச்ச புள்ள, செவ்வாக்கெழம நகம் வெட்டுனா அவ அம்மா அடிக்கும்.”

மாமியார் சொன்னார்: “எங்களுக்கு வெள்ளி ஒண்ணுதாம்மா. அதுவும் ஆம்பளைகளுக்குத்தான் பள்ளிவாசல். நாங்க வீட்டுல தொழுதுட்டு மீன் கழுவிக்கிட்டுத்தான் இருக்கோம்.”

“ஆட்டோவுல பெட்டி எறக்கிட்டு வந்ததும் ஒரு நாள் போனேன்க்கா,” என்றாள் அந்தப் பெண். “கீழ ஐஸ் தண்ணி. வழுக்கிருமோன்னு கம்பியப் புடிச்சுக்கிட்டே போனேன். போய் எறங்குறேன், டாக்டர் கார் வெளிய வருது. கையக் காட்டுனேன். டாட்டா காட்டுறேன்னு நெனச்சு அவரும் காட்டிட்டுப் போயிட்டாரு.”

இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. “போன வாட்டி எட்டாம் மாசம்,” என்று மட்டும் சொன்னார்.

அன்று பக்கத்து டவுனிலிருந்து ஒரு காரை வரச் சொன்னேன். அவளும் அதே தெருவில் இன்னும் இரண்டு கர்ப்பிணிகளும் ஏறிக்கொண்டார்கள். டாக்டர் பார்த்தார். கொதிப்பு சற்று அதிகம், இனி ஒரு செவ்வாய்க்கிழமைகூடத் தவறக்கூடாது என்றார். திரும்பும்போது அவள் என்னிடம், “அடுத்த செவ்வாய்க்கும் கார் வருமாக்கா?” என்று கேட்டாள். “வரும்” என்று சொல்ல வாய் வந்தது. தெரியாத ஒன்றை மறுபடி உறுதியாகச் சொல்வதா என்று நிறுத்திக்கொண்டேன். “வர வைக்கப் பாக்குறேன்” என்றேன்.

மறுநாள் நானும் செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வருகைப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். யோசனை அவருடையது. “தடைக்காலத்தப் பாருங்கக்கா,” என்றார். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகு இல்லையென்றால் பெட்டி இல்லை, ஆட்டோ சும்மா நிற்கும். ஏப்ரல் கடைசிச் செவ்வாயைத் திறந்தோம். அந்த ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருந்தன. மே மாதத்து ஒவ்வொரு செவ்வாயும் அப்படியே. ஜூன் மூன்றாம் செவ்வாயிலிருந்து வெறிச்சென்றிருந்தது. முந்தைய வருடத்தைத் திறந்தோம். அதிலும் அப்படித்தான். பதிவேடு இருந்த வருடம்வரை பின்னோக்கிப் போனோம், மாறவே இல்லை.

“தடைக்காலத்துக்கு மட்டும் மார்க்கம் லீவு விடுமாக்கா?” என்றார் செவிலியர். அன்றுதான் என்னோடு சிரித்தார்.

இந்தப் பதிவேடு இத்தனை வருடமும் அதே அலமாரியில் இருந்தது. நான் அங்கே வேலை பார்த்த வருடத்துக்குரியதும் இருந்தது. அந்த மே மாதத்து முகாம்களில் நானே நின்று பேசியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. பெண்கள் வந்திருந்ததைக் கண்ணால் பார்த்தும், செப்டம்பரில் அப்படி எழுதியிருக்கிறேன்.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை மாவட்ட அலுவலகத்தில் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கினேன். ஒரே பக்கம்தான். ‘குறிப்பிட்ட வரியை எழுதியவள் நான். அது தவறு. விசாரிக்காமல் எழுதினேன். அதை நீக்கவும். அதன் அடிப்படையில் மறுக்கப்பட்ட செவ்வாய்க்கிழமை வாகனத்தை அனுமதிக்கவும்.’ பதிவேட்டு நகல்களை இணைத்திருந்தேன். அதிகாரி படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

“மேடம், புஸ்தகம் அச்சாகி எல்லா வட்டாரத்துக்கும் போகுது. உங்க பேரு எங்கயுமே இல்ல. நீங்களா வந்து எதுக்கு மாட்டிக்கிறீங்க?”

“வரி எங்க வட்டாரத்தோடது சார். அத வச்சு ஒரு ஊருக்கு வண்டி இல்லைன்னு எழுதியிருக்கு.”

“அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்.”

“அடுத்த பதிப்பு எப்ப சார்?”

“அது மேலதான் கேக்கணும்.”

“அந்தப் பொண்ணுக்கு ஏழு மாசம் சார். பதிப்பு வர்ற வரைக்கும் தாங்காது.”

அவர் கெட்டவர் இல்லை. மூன்று தொலைபேசியும் ஓய்வு பெறும் தேதி ஒன்றும் உள்ள மனிதர். “வண்டிக்குத் தனியா எழுதுங்க, வரியத் தனியா எழுதுங்க. ரெண்டையும் சேத்தா ரெண்டும் நடக்காது” என்றார். நான் சேர்த்தே வைத்தேன். அவை முதலிலேயே சேர்ந்துதான் இருந்தன. அவருடைய அலுவலகத்தின் பச்சை மைதான் சேர்த்திருந்தது.

மறுவாரம் எங்கள் வட்டாரத்துக்கான புத்தகங்கள் இரண்டு கட்டாக வந்தன. விநியோகம் என் பொறுப்பு. மேசையில் அடுக்கி வைத்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். மூன்றாம் அத்தியாயம், ஐந்தாம் வரி. சிவப்பு மையில் ஒரே கோடு. எழுத்து தெரியும்படிதான் அடித்தேன், மறைக்க எனக்கு உரிமை இல்லை. ஓரத்தில் எழுதினேன்: ‘தவறு. எழுதியவளே திருத்துகிறேன்.’ கீழே கையெழுத்து, தேதி. ஒரு முழு மதியமும் மறுநாள் காலையும் ஆனது. கடைசிக் கட்டில் செவிலியர் வந்து பக்கங்களைத் திறந்து கொடுத்தார். “கோடு கோணலாப் போகுதுக்கா, ஸ்கேல் தரவா?” என்றார். வேண்டாம் என்றேன்.

இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணுக்கு ஒரு கல்யாண வீட்டு வேன் கிடைத்தது. டிசம்பர் முதல் செவ்வாயன்று எதுவும் கிடைக்கவில்லை. செவிலியர் ஸ்டாண்டில் ஒன்பது மணிவரை நின்றார். நான் அந்தக் கார்க்காரர் உட்பட நான்கு பேருக்குப் போன் செய்தேன், ஒரு வண்டியும் இல்லை. அவள் அன்று போகவில்லை. அதே செவ்வாய் மதியம் எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அரசு வெளியீட்டைச் சேதப்படுத்தியதற்கு மூன்று நாளில் விளக்கம் வேண்டுமாம்.

விளக்கத்தை மறுநாளே எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய கடிதங்களில் அதுதான் சுத்தமானது என்று நினைக்கிறேன்.

‘கோடு போட்டதை ஒப்புக்கொள்கிறேன். மறுபடியும் இந்தப் புத்தகம் வந்தால் மறுபடியும் போடுவேன். சேதம் என்பது நான் பல வருடம் முன்பு செப்டம்பர் இரண்டாம் செவ்வாயன்று நீல மையில் செய்தது. அதற்கு யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. நேற்று ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தைய குழந்தையை எட்டாம் மாதத்தில் இழந்த ஒரு கர்ப்பிணி, வாகனம் இல்லாததால் நேற்றைய பரிசோதனைக்கு வரவில்லை. இன்னும் சில நாளில் அவருக்கு எட்டாம் மாதம் தொடங்குகிறது. என் மீதான நடவடிக்கையைத் தாராளமாக எடுக்கவும். அதற்கு முன் வாகனத்தை அனுப்பவும்.’

நகல் ஒன்றைப் பயிற்சியாளருக்கும் தபாலில் அனுப்பினேன்.

என் விளக்கத்துக்குப் பதில் வரவில்லை. எந்த உத்தரவும் எழுத்தில் வரவில்லை. டிசம்பர் இரண்டாம் செவ்வாயன்று காலை எட்டு மணிக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஜீப் அந்த ஊர் வேப்பமரத்தடிக்கு வந்து நின்றது. டிரைவரைக் கேட்டேன். “போன்ல சொன்னாங்க மேடம். யாரு சொன்னாங்கன்னு கேக்காதீங்க” என்றார். நானும் கேட்கவில்லை. யார் சொன்னார்கள் என்பதை எழுதாமல் விடுவது என் வழக்கத்துக்கு விரோதம். அன்று விட்டேன்.

ஜீப்புக்குக் காத்து ஐந்து பெண்கள் நின்றார்கள். அவள்தான் முதலில் ஏறினாள். கையில் பழைய ஸ்கேன் பை. சீட்டைக் கையால் தடவிப் பார்த்தாள். “காஞ்சிருக்கு,” என்று மற்றவர்களிடம் சொன்னாள்.

அன்று அவளுடைய கொதிப்பு மிக அதிகமாக இருந்தது. டாக்டர் வீட்டுக்கு அனுப்பவில்லை. அங்கிருந்தே ஆம்புலன்ஸில் புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாமியார் பின்னால் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். அவள் அங்கேயே தங்கினாள். நான் வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். உப்பில்லாத சாப்பாட்டைப் பற்றி நீளமாகக் குறை சொல்வாள். தை பிறந்து ஒரு வாரத்தில் பெண் குழந்தை. நாள் முந்திப் பிறந்ததால் எடை குறைவு, சில நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. ஆனால் நல்ல தொண்டை. வார்டு வாசலிலேயே கேட்டது.

“என்ன கெழமை பொறந்துச்சு தெரியுமாக்கா?” என்று கேட்டாள்.

“தெரியும். எழுதி வச்சிருக்கேன்.”

“செவ்வா,” என்றாள். “ஒங்க வீட்டுல சொல்லாதீங்க.”

பிப்ரவரியில் எனக்குக் கண்டனம் வந்தது. பணிப் பதிவேட்டில் பதிந்தாகிவிட்டது. மேல்முறையீடு செய்யச் சொல்லிச் சங்கத்துக்காரர் ஒருவர் படிவம்கூடக் கொடுத்தார். செய்யவில்லை. அந்தக் கண்டனத்தில் உள்ளது உண்மை. ‘அச்சிட்ட புத்தகங்களில் சிவப்பு மையால் கோடிட்டார்’ என்றுதான் இருக்கிறது. ஆமாம், கோடிட்டேன். என்னைப் பற்றி அரசு எழுதியவற்றில் விசாரித்து எழுதிய வாக்கியம் அது ஒன்றுதான். அதை அழிக்க நான் ஏன் மனுப் போட வேண்டும்? ஜீப் இன்றைக்கும் செவ்வாய்தோறும் போகிறது, இன்றைக்கும் எழுத்தில் உத்தரவு இல்லை. யாராவது வாயால் நிறுத்தினால், முத்திரை வாங்கிய என் கடிதத்தின் நகல் செவிலியரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

குறிப்பேட்டில் அந்தப் பழைய வரியை நான் கிழிக்கவில்லை. ‘சமய வழக்கம்’ என்பதன் மேல் சிவப்புக் கோடு, ஓரத்தில் திருத்திய தேதி. அதற்கடியில், அந்தச் செப்டம்பர் செவ்வாயன்று நான் கேட்காமல் விட்ட கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன்: ‘ஏன்?’

பயிற்சியாளர் போன வாரம் போன் செய்தார். புத்தகத்தின் புதிய பதிப்பு அச்சாகிவிட்டது, ஐந்தாம் வரி அதில் இல்லை என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. நன்றி சொன்னேன். ஆனால் அந்தப் பதிப்பின் ஒரு பிரதியும் இதுவரை எங்கள் வட்டாரத்துக்கு வரவில்லை, நான் கண்ணால் பார்க்கவில்லை. வரி நீக்கப்பட்டது என்பது ஒருவர் தொலைபேசியில் சொன்ன தகவல், இன்னும் சரிபார்க்கப்படவில்லை.